மதரஸாவின் கிழக்குச் சுவர்

ஜனவரி 3, 2011, திங்கள்

நடுக்காயல் பெரிய தெருவிலுள்ள பழைய மதரஸாக் கட்டடம் பற்றி நான் எழுதித் தரவேண்டிய அறிக்கையின் வரிசை:

1. யார் கட்டியது, எப்போது, எதற்காக.
2. அமைப்பு: கூடம், தூண்கள், உஸ்தாதின் (ஆசிரியரின்) மேடை, படிக்கட்டு, மொட்டை மாடி.
3. எதனால் கட்டியது: கடற்பாறை, சுண்ணாம்பு, தேக்கு உத்திரம்.
4. கிழக்குச் சுவர். (இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அளந்த பிறகே எழுத வேண்டும்.)
5. 1978-இல் மதரஸா ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போனது. அன்றிலிருந்து இங்கே பாடம் நடக்கவில்லை. ஊரறிந்த செய்தி, ஆராய ஒன்றுமில்லை.
6. முடிவு. (சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை.)

ஜமாஅத் தலைவர் நூஹு ஹாஜியார் நேற்று வீட்டுக்கு வந்து, அண்ணனை அழைப்பதுபோல் காக்கா, காக்கா என்று கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. "நீங்கதான் காக்கா எழுதணும். பாளையங்கோட்டைல முப்பது வருசம் புவியியல் சொல்லிக்குடுத்த ஆளு. சும்மா கெடக்குற கட்டடம்னு ஒரு அறிக்கை சென்னைக்குப் போனாத்தான், இடிச்சிட்டு கல்யாண மண்டபம் கட்ட அனுமதி வரும்" என்றார். அறிக்கையின் முடிவை அவரே சொல்லிவிட்டார் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. எழுபத்துநாலு வயதில் எனக்கு எல்லாமே சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது.

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜனவரி 4, செவ்வாய்

காலை கட்டடத்தைத் திறந்தோம். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஹாஜியாரின் சகோதரி மகன் பிர்தௌஸ் வந்தான். மண்டபம் கட்டும் ஒப்பந்தம் அவனுக்குத்தான் என்று பேச்சு. நாடாவை இழுக்கும்போதே கூடத்தில் எத்தனை சாப்பாட்டு மேசை போடலாம் என்று கணக்குப் போட்டான்.

இங்கே பத்து வயதுவரை நானும் ஓதியிருக்கிறேன். அதனாலேயே என் கண்ணை நம்பக் கூடாது என்று எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தேன். வாசல் மேற்கே, தெருப் பக்கம். கூடம் தெற்கு வடக்காக நீளம். இரண்டு வரிசைத் தூண்கள். கிழக்கே சுவர், அதற்கு அந்தப் பக்கம், கணவரை இழந்த உம்மு ஹபீபாவின் வீடு. அந்த வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில்.

இரண்டு விஷயங்கள் பொருந்தவில்லை.

உஸ்தாதின் மேடை நடுவில் இல்லை. கிழக்குச் சுவரை ஒட்டி, சுவரைப் பார்த்துச் சாய்வாகக் கட்டியிருக்கிறது. மாணவர்களுக்கு அவருடைய ஒரு கன்னம் மட்டுமே தெரியும். நான் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாது ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை, கூரை அதிரச் சொல்லுவார். அவருக்குக் காது மந்தம் என்று பையன்கள் கேலி செய்வோம். மேடை கொத்தனாரின் பிழையாக இருக்கலாம்.

இன்னொன்று, அந்தச் சுவரில் வரிசையாகச் சின்ன மாடங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் துளையிட்ட கல். அதன்மேல் பிற்காலப் பூச்சு. சில இடங்களில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. விளக்கு வைக்க இவ்வளவு தாழ்வாக யாரும் மாடம் கட்டமாட்டார்கள். தரையில் உட்கார்ந்தால் காதுக்கு நேராக வருகிறது. பிள்ளைகளின் பலகைகளை வைக்கவோ என்னவோ.

விரல் முட்டியால் தட்டினேன். மற்ற மூன்று சுவர்களும் கல்லாக ஒலித்தன. இது பெட்டியாக ஒலித்தது.

"என்ன மாமா, பொதையலா?" என்றான் பிர்தௌஸ்.

நோட்டை விரித்துக் குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 6, வியாழன்

மதியம் லுஹர் தொழுதுவிட்டுத் தனியாகப் போனேன். தூண்களை வரைந்துகொண்டிருந்தபோது கிழக்குச் சுவருக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. ஒரு குரல் ஏதோ சொல்ல, பல குரல்கள் திருப்பிச் சொன்னது போல. சொற்கள் பிடிபடவில்லை. எழுந்து கிட்டே போனதும் நின்றுவிட்டது. என் கைத்தடி தரையில் தட்டியதுதான் காரணமாக இருக்கும்.

ஜின்னோ என்று, காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். படித்தவன் இப்படிப் பயப்படலாமா என்று வெட்கமாக இருந்தது. ஓதி முடித்துவிட்டே வெட்கப்பட்டேன்.

வீடு பூட்டிக்கிடந்தது. என் மனைவி ஸாரா மாலை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்புதான் பின்வாசல் வழியாக வந்தாள். "எங்கே போனாய்" என்று கேட்டதற்கு "ஹபீபா வீட்டுப் பக்கம்" என்றாள். கையில் மூடிய தட்டு. விரல் நுனிகளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

சுண்ணாம்பு?

ஜனவரி 7, வெள்ளி

மாத்திரை வாங்கினேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 8, சனி

நூஹு ஹாஜியார் வந்தார். அவருடைய மனைவியின் தங்கை போன மாதம் மவுத்தானார். பிள்ளையில்லை, பெற்றோரும் சகோதரரும் இல்லை. கணவர் இருக்கிறார், உடன்பிறந்த சகோதரிகள் இருவர், அதில் ஒருவர் ஹாஜியாரின் மனைவி. மார்க்கம் படித்த ஆலிமிடம் போகுமுன் சொத்துக் கணக்கு எப்படி வரும் என்று என்னிடம் பார்த்துக்கொள்ள வந்தார்.

காகிதத்தில் எழுதினேன். கணவருக்குச் சரிபாதி. சகோதரிகள் இருவருக்குமாக மூன்றில் இரண்டு. கூட்டினால் முழுசைத் தாண்டிவிடுகிறது. மறுபடி கூட்டினேன். மறுபடியும் தாண்டியது. இல்லாத சொத்தை எப்படிப் பங்கு வைப்பது? மூன்றாம் முறை கூட்டத் தொடங்கினேன்.

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த ஸாரா திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "ஆறு பங்குன்னு வெக்காதிய. ஏழா வையுங்கோ. மாப்பிள்ளைக்கு மூணு, பொண்டுவளுக்கு நாலு. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொறையும். யாருக்கும் இல்லாமப் போவாது."

ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார். "மச்சி எங்க படிச்சாஹ இதெல்லாம்?"

"காதுல விழுந்ததுதான்" என்றாள். குழாய்ச் சத்தம் மறுபடி கேட்டது.

அவர் போன பிறகு நூலைத் தேடிப் பார்த்தேன். ஃபராயிழ் என்னும் பாகப்பிரிவினைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. யார் வாயிலிருந்து இவள் காதில் விழுந்தது? வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை பஸ் ஏறும் புருஷனாக முப்பது வருஷம் இருந்திருக்கிறேன். இந்த வீடும் அவள் வீடு. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். இங்கே எந்தப் பானையில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஜனவரி 10, திங்கள்

மொட்டை மாடியில் ஏறினேன். படிகள் செங்குத்து, பிர்தௌஸ் பின்னால் நின்று தாங்கினான். மேலே மாடியின் அகலத்தை அளந்தோம். கீழே இறங்கி, கூடத்தின் அகலத்தோடு சுவர்களின் பருமனையும் கூட்டிப் பார்த்தேன்.

மாடி மூன்றடி கூடுதல்.

நான் தப்பாக அளந்திருப்பேன் என்று திரும்ப ஏறினேன். நாடாவைப் புதிதாக இழுத்தேன். அதே மூன்றடி. முழுதும் கிழக்குப் பக்கம். அதாவது, எங்கள் கூரைக்கு அடியில் மூன்றடி அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அது எங்கள் கூடத்தில் இல்லை.

"ஹபீபா மாமி வீட்டுக்காரங்க சொவத்த உள்ள தள்ளிக் கட்டிட்டாங்க மாமா. வக்ஃபு எடத்துல அடுப்பு எரியுது" என்றான் பிர்தௌஸ். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று போன வாரம் புலம்பியவன். அவனையும் நம்புவதற்கில்லை.

ஆனால் நாடா பொய் சொல்லாது.

கிழக்குச் சுவரை வெளிப்புறமிருந்து பார்க்கவில்லை. வெளியூர்க்காரர்கள் படிக்கும் அறிக்கை என்பதால் இதை விளக்க வேண்டும்: எங்கள் ஊரில் வீடுகளின் பின்பக்கமாகப் பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்குகள் உண்டு. ஆண்கள் போகமாட்டோம். தடுப்பு ஒன்றும் கிடையாது, போகமாட்டோம், அவ்வளவுதான். அப்படியொரு முடுக்கு ஹபீபா வீட்டை ஒட்டி வந்து மதரஸாவின் கிழக்குச் சுவரில் முட்டுகிறது. ஆகவே அந்தப் பக்கத்தை மட்டும் கணக்கால் நிரப்பிக்கொண்டேன். மூன்று பக்கம் தெரிந்தால் நாலாவது தானே வரும்.

இறங்கும்போது சுவருக்குள் மறுபடியும் குரல்கள். பிர்தௌஸ் போய்விட்டிருந்தான். இந்த முறை ஒரு சிரிப்பும் கேட்டது. ஜின்கள் சிரிக்கும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

வீடு பூட்டிக்கிடந்தது.

ஜனவரி 11, செவ்வாய்

நேர்மையாக ஒரு முறை கேட்டுவிடலாம் என்று அடுத்த தெருவுக்குப் போய் ஹபீபாவின் முன்வாசலில் நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான்மா, மொகுதூம் நெய்னா. மதரஸாச் சொவத்தப் பத்தி ஒரு விசயம். ஒங்க அடுப்பங்கரைக்கு மேக்கே என்ன இருக்கு?"

உள்ளே யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அடுப்பங்கரைக்கு மேக்கே எங்க சொவருதான் காக்கா. அதுக்கு அங்கிட்டு உள்ளது எங்க வீடு இல்ல. முடுக்குலேருந்துதான் போவணும். நீங்க ஸாரா ராத்தாட்ட கேக்கலாமே, அவஹளுக்குத் தெரியாததா?"

பழிக்கு என் மனைவியையே சாட்சியாக இழுக்கிறாள். சுண்ணாம்பு விரல், மூடிய தட்டு, பின்வாசல். எல்லாம் ஒன்றோடொன்று சேர்கிறது. மூன்றடி இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள்? யாருடையது? ஸாராவின் பங்கு என்ன?

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவாள்.

ஜனவரி 12, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது அவளே தொடங்கினாள்.

"அந்தக் கெழக்குச் சொவத்தப் பத்தி என்னா எழுதுறிய?"

நோட்டை மூடினேன். "அது கமிட்டி விசயம். வெளியே சொல்லப்படாது."

"சரி" என்றாள். தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறவள் அல்ல அவள்.

நாலாவது குறிப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். "ஆக்கிரமிப்பு நடந்திருக்கக்கூடும்." "நடந்திருப்பதாகத் தெரிகிறது." "நடந்திருக்கிறது." படிக்க மூன்றாவதுதான் நன்றாக இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 13, வியாழன்

அறிக்கையின் வரிசையோடு நாலாவது குறிப்பை மட்டும் ஹாஜியாரிடம் முன்கூட்டிக் கொடுத்தேன். வாசிக்காமல் பிர்தௌஸிடம் நீட்டினார். அவன் கடைசி வாக்கியத்தை உரக்கப் படித்தான்.

"இது போதும் மாமா" என்றான் ஹாஜியாரைப் பார்த்து. "அடுப்பங்கரைய இடிக்கச் சொல்லிரலாம். அடுப்பங்கரை போனா மிச்ச வீட்ட வெச்சு அவஹ என்ன செய்யப்போறாஹ? நம்மளுக்கே குடுத்துட்டுப் போயிருவாஹ."

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஹபீபாவுக்கு வேறு வீடு கிடையாது. மகன் அபுதாபியில், அனுப்புவதும் அனுப்பாததும் அவன் மனசு.

"இன்னொருக்கா சரிபார்த்துட்டு..." என்று இழுத்தேன்.

"நீங்க எழுதுனா அது சரியாத்தான் காக்கா இருக்கும்" என்றார் ஹாஜியார்.

என் வாழ்க்கையில் இதைக் கேட்கத்தான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்கு நடந்துவரும்போது இருமுறை நின்று திரும்பிப் பார்த்தேன்.

ஜனவரி 15, சனி

ஹபீபாவுக்கு நோட்டீஸ் போய்விட்டது. பத்து நாளில் அடுப்பங்கரையைக் காலி செய்ய வேண்டும்.

ஜனவரி 16, ஞாயிறு

ஸாரா காலையிலிருந்து பேசவில்லை. பேசாமலே ஆட்டுக்கால் பாயா வைத்தாள், பேசாமலே என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். மத்தியானம் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்காருவது அபூர்வம்.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"கட்டடத்த நாலு பக்கமும் அளந்தியளா?"

"மூணு பக்கம் அளந்தேன். மாடியையும் அளந்தேன்."

"நாலாவது?"

"அது முடுக்குப் பக்கம்."

"அப்ப பாக்கல."

"கணக்குப் போட்டா வருமே, ஸாரா. கூரைக்கும் கூடத்துக்கும் மூணடி வித்தியாசம்..."

"பாக்காமலே ஒரு பொம்பளையோட அடுப்ப அணைக்க எழுதிக் குடுத்துட்டிய" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கல்லூரியில் எந்த முதல்வரும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை.

நானும் கேட்டுவிட்டேன். அவள் விரலில் இருந்த வெள்ளை என்ன, மூடிய தட்டில் என்ன, அந்தச் சுவருக்குள் யார் சிரிக்கிறார்கள்?

என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல எம்பொறத்தால வாங்கோ. தல குனிஞ்சே வரணும்."

ஜனவரி 17, திங்கள்

இதை வரிசையாக எழுத வேண்டும். மனம் முன்னால் ஓடுகிறது.

எங்கள் வீட்டின் பின்வாசல் வழியாக இறங்கினோம். ஸாரா முன்னால் நடந்தாள். நோயாளியைத் தூக்கவோ மின்கம்பி சரிசெய்யவோ ஆண்கள் முடுக்கில் நுழைய நேர்ந்தால் ஒரு பெண் முன்னே போய்க் குரல் கொடுப்பது வழக்கம். அப்படியே அவளும் கூப்பிட்டாள்: "ஆம்பளை வாராஹ! ஒதுங்கிக்கிருங்கோ!" கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குமரியின் குரல்: "யாரு மாமி, கரண்டுக்காரனா?"

"இல்ல, எங்க வீட்டு ஆளு."

"அல்லாஹ்! வழி தவறிட்டாஹளா?"

ஏழெட்டுக் கதவுகளுக்குப் பின்னால் ஒரே நேரத்தில் சிரிப்பு. என் காது சூடானது. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தே நடந்தேன்.

முடுக்கு முடியும் இடத்தில் கிழக்குச் சுவர். நிமிர்ந்தேன். மற்ற மூன்று சுவர்களில் இருக்கும் அதே கடற்பாறை, அதே பருமன். வடக்கு மூலையில் ஒரு கல் இந்தச் சுவரிலும் மறு கல் வடக்குச் சுவரிலுமாகப் பின்னிக் கட்டியிருக்கிறது. முதல் நாளிலேயே, ஒரே கையால் கட்டிய சுவர். ஹபீபா வீட்டுச் சுவர் அதற்கு வெளியே, அதைத் தொட்டுக்கொண்டு தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓணான் நுழையும் இடைவெளி. அவள் ஒரு விரற்கடைகூட உள்ளே வரவில்லை.

நாலாவது குறிப்பு அங்கேயே போயிற்று.

மதரஸாவின் சுவரில், முடுக்கு முட்டும் இடத்தில், ஒரு தாழ்ந்த கதவு. நிலையின் மேல்கல்லில் கட்டிய ஆண்டு பொறித்திருக்கிறது. தெரு வாசலில் இருக்கும் அதே ஆண்டு. ஸாரா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். இந்தச் சாவியை நாற்பது வருஷமாக நான் பார்த்திருக்கிறேன். அரிசிக் கோட்டைச் சாவி என்று நினைத்திருந்தேன்.

குனிந்து நுழைந்தேன். மூன்றடி அகலத்தில், கட்டடத்தின் முழு நீளத்துக்கும் ஓர் ஒடுக்கமான இடம். ரயில் பெட்டியின் நடைபாதை போல. ஓலைப் பாய்கள். மேற்கே என் மாடங்கள், பின்புறமாக. ஸாரா பாயில் உட்கார்ந்து, ஒரு துளைக்கல்லுக்கு நேராகத் தலையைச் சாய்த்தாள். காது சரியாக அங்கே போய்ப் பொருந்தியது. அந்தத் துளையின் ஓரம் மட்டும் எண்ணெய் பட்டு மெழுகி, கறுத்து, பளபளவென்று இருந்தது. பக்கத்துத் துளையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"இது என் எடம்" என்றாள். "அது நூஹு ஹாஜியார் பொஞ்சாதி. மூலைல ஹபீபா. உஸ்தாது எங்களுக்குக் கேக்கணும்னுதான் ரெண்டு தடவ சொல்லுவாஹ."

மேடை ஏன் சாய்ந்திருக்கிறது, அந்த மனிதர் ஏன் கத்தினார் என்று எனக்குப் புரிந்தது. கொத்தனாரின் பிழை என்று எழுதியிருக்கிறேன்.

"அப்ப நானும் அந்தப் பக்கம் ஓதிக்கிட்டிருந்தேனே" என்றேன்.

"தெரியும். 'இத நேத்தே சொன்னேன்'னு உஸ்தாது ஒங்களத்தான் அடிக்கடி ஏசுவாஹ."

நடைபாதையின் கடைசியில் சுவரில் கரும்பலகை மாட்டியிருந்தது. கீழே டப்பாவில் சாக்பீஸ். பலகையில் அவள் கையெழுத்தில் ஒரு கணக்கு: ஒரு தாய், ஒரு கணவன், இரண்டு பெண் மக்கள்.

என் பார்வை அவள் விரல்களுக்குப் போனது. அவள் அதைக் கவனித்துவிட்டு விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மதரஸா போனபொறவு உஸ்தாது இல்ல. ஆனா எங்களுக்குப் பாடம் முழுசும் மனசுல இருந்துச்சே. ஹபீபா ஓதிக் குடுப்பா. நான் ஃபராயிழ். திங்களும் வியாழனும். தட்டுல பிள்ளையளுக்குச் சீப்புப் பணியாரம்."

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

"யாரு மறைச்சா? ஊர்ப் பொம்பளையள் அத்தன பேருக்கும் தெரியும். நீங்க கேக்கல."

ஜனவரி 18, செவ்வாய்

இன்று மூன்று முறை செருப்பு மாட்டினேன், மூன்று முறை கழற்றினேன். நான்காவது முறை ஸாரா வாசலில் நின்று குடையை நீட்டினாள். மழை இல்லை. வாங்கிக்கொண்டு போனேன்.

ஹாஜியாரை அவர் கடையில் பார்த்துச் சொன்னேன். நாலாவது குறிப்பை நான் திரும்பப் பெறுகிறேன்; நோட்டீஸை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன.

பிர்தௌஸ் கொதித்தான். "எப்படித் தெரியும் மாமா?"

"பார்த்தேன்."

"எங்கேருந்து?"

"முடுக்குலேருந்து."

"முடுக்குக்குள்ள போனியளா?" என்று ஹாஜியார் எழுந்தே விட்டார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, நாலு தப்புன்னே வையுங்கோ" என்றான் பிர்தௌஸ். "அஞ்சு இருக்கே. முப்பது வருசத்துக்கு மேல பூட்டிக்கெடக்கு, பாடம் நடக்கலன்னு நீங்களே சொல்லியிருக்கிய. சும்மா கெடக்குற கட்டடந்தானே. இடிக்கும்போது அந்த அடுப்பங்கரைச் சொவரும் விழத்தான் செய்யும், ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஹாஜியார் பிறகு சொன்னதுதான் தெரியும்: "வியாழக்கிழமை லுஹருக்குப் பொறவு கூடத்துல வந்து ஒக்காருங்கோ, அதுக்கப்புறம் இடிங்கோ" என்றேனாம். நான் யாருக்கும் அப்படி உத்தரவு போட்டதில்லை.

வீட்டுக்கு வந்து ஸாராவிடம் சொன்னேன். பெண்களின் குரல் ஆண்கள் காதில் விழலாமா என்று தயங்கினேன்.

"நாங்க எத்தன வருசம் கேட்டோம்" என்றாள். "ஒரு நாளு அவஹ கேக்கட்டும்."

ஜனவரி 20, வியாழன்

மேடையில் மூவரும் உட்கார்ந்தோம்: ஹாஜியார், பிர்தௌஸ், நான். கைத்தடியை மடியில் படுக்க வைத்துக்கொண்டேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. புறா ஒன்று உத்திரத்தில் நடந்தது. பிர்தௌஸ் செல்போனை எடுத்துப் பார்த்தான். அவர்கள் இன்று வரவில்லையோ, ஸாரா என்னைப் பழிவாங்குகிறாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

பிறகு சுவருக்குள் பாய் விரிக்கும் சத்தம். சின்னப் பெண்களின் சளசளப்பு. "சும்மா இருங்க பிள்ளையளே" என்று ஹபீபா அதட்டினாள். ஓதல் தொடங்கியது. ஒரு குரல் சொல்ல, இருபது முப்பது குரல்கள் பின்னால். பூச்சு உதிர்ந்த துளைகள் வழியாக அது நேரே எங்கள் முழங்காலருகே வந்து விழுந்தது.

"பொம்பளையள் சத்தத்தக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கறது..." என்று பிர்தௌஸ் எழப் பார்த்தான்.

ஹாஜியார் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இப்போது ஸாராவின் குரல். வீட்டில் நான் கேட்டறியாத குரல், நிதானமாக, இரண்டு முறை, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு: "ஒரு பொம்பளை மவுத்தாயிட்டா. மாப்பிள்ளை இருக்காஹ. கூடப்பொறந்த பொண்டுவ ரெண்டு பேரு. வேற யாரும் இல்ல. எத்தன பங்கு?"

பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். ஆறு. பன்னிரண்டு. மூணு.

அப்போது மூத்த பெண் ஒருத்தியின் குரல், கொஞ்சம் கரகரப்பாக: "ஏழு. எந்தங்கச்சிக்கு இப்பத்தானே பங்கு வெச்சோம். ஏழு வரும் பிள்ளையளே. எழுதிக்கிருங்கோ. மாப்பிள்ளைக்கு மூணு. எனக்கும் எங்க ராத்தாவுக்கும் ஆளுக்கு ரெண்டு."

ஹாஜியாரின் வாய் திறந்தபடியே இருந்தது. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

"மாமா, போவலாம்" என்றான் பிர்தௌஸ்.

"வாயப் பொத்துடா" என்றார் தாழ்ந்த குரலில். "ஒங்க மாமி பாடம் சொல்லுறா."

அஸர் பாங்கு சொல்லும்வரை யாரும் எழவில்லை.

ஜனவரி 21, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் என்னைப் பள்ளிவாசல் தூணோரம் நிறுத்தினார். நோட்டீஸைக் கிழித்துவிட்டாராம். மண்டபத்துக்குக் கடற்கரைப் பக்கம் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். "ராத்திரி வீட்ல அவ எங்கிட்ட ஒரு வார்த்தையும் கேக்கல காக்கா. நானும் கேக்கல. ஆனா சோறு போடும்போது சிரிச்சா" என்றார். பிறகு, அறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னார்.

துளைகளின்மேல் இருக்கும் பிற்காலப் பூச்சை எடுத்துவிடலாமா என்று ஸாராவிடம் கேட்டேன். மற்றவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். திங்கட்கிழமை மேடையில் வந்து உட்காரலாமா என்றும் கேட்டேன்.

"கைத்தடியத் தட்டாம இருந்தா" என்றாள்.

இப்போது திருத்தம். நாலாவது குறிப்பு தவறுதான். ஆனால் அதைச் சந்தேகம் என்றுதான் முதல் நாள் எழுதியிருந்தேன், சந்தேகத்தை அடித்துவிட்டுப் போகலாம். ஐந்தாவது அப்படியல்ல. ஊரறிந்த செய்தி, ஆராய ஒன்றுமில்லை என்று நான் முதல் நாளே உறுதியாக எழுதியது அது ஒன்றைத்தான்.

5. 1978 முதல் இங்கே பாடம் நடக்கவில்லை என்று எழுதியது தவறு. பாடம் நிற்கவே இல்லை.